சுழன்ற தட்டுகளும் நம் வீட்டுக் குரல்களும்

 

மேலைநாடுகளில் எழுபது வயதைக் கடந்தவர்கள் ஒன்றுகூடினால், இளமையில் தாங்கள் நேரில் நின்று கேட்ட ராக் இசை நிகழ்ச்சிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவர். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் என்னும் பெயரில் நடந்த இசைவிழாவிற்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் திரண்டனர். மழை பெய்து வயல்வெளி முழுதும் சேறான பிறகும் பெருங்கூட்டம் கலையவில்லை. அன்று அங்கே நின்றவர்களுக்கு அது வெறும் பாட்டுக் கச்சேரி அன்று. தங்கள் இளமையின் அடையாளம். அக்காலத்து இசைத்தட்டுகளை அவர்கள் இன்றும் உறை கசங்காமல் பாதுகாத்து வருகின்றனர்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இத்தகைய ஏக்கம் ஒன்று உண்டு. அவர்கள் நினைவில் ஒலிப்பது கிட்டார் அன்று. ஆர்மோனியமும் தபலாவும், அவற்றையும் மீறி எழும் ஒரு கணீர்க் குரலுமே. கந்தூரி இரவு, நிக்காஹ் வீட்டுப் பந்தல், மீலாது மேடை, தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஆகிய இவற்றைச் சொன்னாலே அவர்கள் முகம் மலர்ந்துவிடும். நாற்பதைக் கடந்த என் போன்றோர் அவ்வரிசையின் கடைசியில் நிற்பவர்கள். இசைத்தட்டு சுழல்வதைச் சிறுவர்களாய் வேடிக்கை பார்த்தோம். கேசட்டு கேட்டு வளர்ந்தோம். இன்று கைபேசி வைத்திருக்கிறோம்.

இதைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அந்தத் தட்டுகள் பரண்களிலிருந்து இறங்கிப் பழைய பொருள் வாங்குவோரின் வண்டிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. 'பழைய குப்பைதானே, போகட்டும்' என்பவர்களும் நம்மில் உண்டு. 'மார்க்கத்தில் இசைக்கு இடமில்லை. போனதே நலம்' என்பவர்களும் உண்டு. 'ஐயோ, என் அத்தா வாங்கி வைத்தது' என்று கண்கலங்குபவர்களும் உண்டு. மூவர் சொல்வதையும் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

அரக்கில் பதிந்த குரல்

எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கும் கருவியைக் கண்டுபிடித்தார். அது உருளை வடிவில் இருந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் அதனைத் தட்டையான தட்டாக்கினார். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அது உலகிற்குப் பெருமளவில் நம் இந்திய நாட்டுக் காடுகளிலிருந்தே சென்றது. ஆகவே இலண்டனில் பாடிய பாட்டும் நியூயார்க்கில் பாடிய பாட்டும் நம் நாட்டுப் பூச்சியின் உழைப்பின் மேல்தான் சுழன்றன. அல்லாஹ்வின் படைப்பில் அற்பமானது எது என்று நாம் எப்படிச் சொல்வது?

இந்தியாவில் தட்டில் பதிந்த தொடக்ககாலக் குரல்களுள் புகழ்பெற்றது ஒரு முஸ்லிம் பெண்மணியின் குரல். ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே தம் தாயாருடன் இஸ்லாத்தைத் தழுவிய கவுஹர் ஜான் 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்தார். பாட்டு முடியும்போது தம் பெயரைத் தாமே அறிவிப்பது அவர் வழக்கம். பதிந்த மூலத்தகடு ஜெர்மனி நாட்டு ஹனோவர் நகருக்குச் சென்று தட்டாக வார்க்கப்பட வேண்டும். அங்குள்ளவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமே! பின்னர் கல்கத்தாவிலேயே ஆலை அமைந்தது. தம்தம் என்னும் இடத்தில் இயங்கிய அவ்வாலையிலிருந்து, நாய் ஒன்று குழாய்முன் செவிசாய்த்து அமர்ந்திருக்கும் படம் தாங்கிய எச்.எம்.வி. தட்டுகள் நாடெங்கும் சென்றன. அந்நிறுவனமே 2000ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் பாட முடியும். நம் பாவலர்கள் அந்த மூன்று நிமிடத்திற்குள் இறைவனின் அருளையும் அண்ணலாரின் பண்பையும் அடக்கக் கற்றுக்கொண்டனர். வீண்சொல்லுக்கு அங்கே இடமில்லை. பிறகு அரக்கின் இடத்தை வினைல் என்னும் நெகிழி பிடித்தது. 1948இல் நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டும், 1949இல் 45 சுற்றுத் தட்டும் அமெரிக்காவில் வெளிவந்தன. நம் ஊர்களுக்கு அவை வந்துசேர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

மைக்செட்காரரின் பெட்டி

கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் என்று நெல்லும் கரும்பும் விளையும் எங்கள் புதுவைக் கிராமங்களில் கிராமபோன் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகச் சிலவே. கடல்கடந்து சம்பாதித்தவர்கள் அதனை வாங்கினர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவை, காரைக்கால் மக்கள் சைகோன் வரை சென்று தொழில் செய்தனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. ஊர் திரும்பிய சபராளிகளின் பெட்டியில் துணிமணிக்கும் அத்தருக்கும் அடியில் சில வேளை கிராமபோனும் இருந்தது.

மற்றவர்களுக்கெல்லாம் பாட்டைக் கொண்டுவந்தவர் மைக்செட்காரர். திருமணமோ காதுகுத்தோ திருவிழாவோ எதுவானாலும், மிதிவண்டியில் பெட்டியும் குழாயும் கட்டிக்கொண்டு அவர் வந்து சேருவார். தட்டுகள் அடுக்கிய தகரப் பெட்டியைச் சுற்றிச் சிறுவர் கூட்டம் மொய்க்கும். தொட விடமாட்டார். தட்டின் விளிம்பை மட்டும் இரு உள்ளங்கைகளாலும் பிடித்துத் தூக்கி, மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்து, முள்ளை இறக்குவார். முதலில் 'கரகர' என்றொரு சத்தம். அதன்பின் பாட்டு. அந்தக் 'கரகர' சத்தத்திற்காகக் காத்திருந்த இன்பத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். எங்கள் பகுதியிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் மைக்செட்காரர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு, அடுத்து நாகூர் ஹனிபா பாட்டு, அதையடுத்து ஒரு கிறித்தவப் பாட்டு. அதன்பின்தான் திரைப்படப் பாட்டுகள். எந்தச் சட்டமும் இதனைக் கட்டளையிடவில்லை. எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் போடவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் நம் பாட்டு ஒலித்தது. முஸ்லிம் வீடு ஒன்றுகூட இல்லாத ஊரின் குழந்தைகளும் நம் பாடல்களை மனப்பாடமாகப் பாடினர். நூறு மேடைப் பேச்சுகள் செய்ய முடியாத வேலையை அந்த மூன்று நிமிடத் தட்டு ஓசைப்படாமல் செய்தது.

நேரில் கேட்ட குரல்கள்

இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்களை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு இருக்க முடியாது. இயக்க மேடைகளிலும் மார்க்க மேடைகளிலும் பாடியவர்; தமிழகச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தவர்; வக்ஃபு வாரியத் தலைவராகவும் பணியாற்றியவர். 1961இல் வந்த 'பாவ மன்னிப்பு' திரைப்படத்தில் டி.எம். சவுந்தரராஜனுடன் இணைந்து பாடினார். 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் மறைந்தார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் அவரது பாடலைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் தம் பாடலாகவே ஏற்றனர். அதனை இயற்றியவர் கிளியனூர் அப்துல் சலாம். அந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவரைப் போலவே எங்கள் புதுவை மாநிலத்தைச் சேர்ந்த காரைக்கால் எம்.எம். தாவூத், காயல் ஷேக் முஹம்மது, நெல்லை அபூபக்கர் என்று ஊர்ப் பெயரை முன்னே சுமந்துவந்த பாடகர்கள் பலர். அவர்களுக்குப் பின்னால் நாகூர் புலவர் ஆபிதீன், 2013இல் மறைந்த நாகூர் சலீம் முதலிய பாவலர்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும் ஊட்டிய தமிழையே இவர்கள் எளிய சொற்களில் வழங்கினர்.

கச்சேரி இரவின் முறைமை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இஷாத் தொழுகை முடிந்து ஆண்கள் பந்தலுக்கு வருவர். பெண்கள் மாடியிலோ, திரைக்குப் பின்னாலோ, எதிர்வீட்டுத் திண்ணையிலோ அமர்வர். முதற்பாட்டு இறைபுகழ், அடுத்தது நபிபுகழ். அதன்பின் சீட்டுகள் மேடையேறும். இன்ன பாட்டைப் பாட வேண்டும் என்று எழுதி, அத்துடன் அன்பளிப்பாக ஒரு நோட்டும் சேர்த்து அனுப்புவர். பாடகர் பெயர் சொல்லி நன்றி கூறும்போது அனுப்பியவருக்கு உள்ளூரப் பெருமிதம் பொங்கும். ஹனிபா அவர்கள் பாடியதை நேரில் கேட்கும் பேறு எனக்கு ஒரே ஒருமுறை வாய்த்தது. அப்போது அவருக்கு எழுபது வயதைக் கடந்திருந்தது, நான் மாணவன். குரல் பந்தலைத் தாண்டித் தெருவின் மறுமுனை வரை போயிற்று. என்னருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், ஒவ்வோர் அடியையும் பாடகருக்கு முன்னதாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நபிமார்களின் வரலாற்றை அவர் எந்த நூலிலும் படித்தவரல்லர். தட்டிலிருந்து கற்றவர்.

மதரஸா ஆசிரியன் என்ற முறையில் அந்த முதியவரை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. கிதாபும் கரும்பலகையும் எட்டாத உள்ளங்களுக்கு மார்க்கச் செய்தியை எட்டவைத்த வாயில்களுள் அப்பாடல்களும் ஒன்று என்பதை மறுக்க இயலாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

'அப்படியானால் இசை கூடும் என்கிறீரா?' என்று நீங்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. நான் ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லன். பெரியோர் எழுதிவைத்ததை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

நான்கு மத்ஹபுகளின் இமாம்களுள் பெரும்பாலோர் இசைக்கருவிகளை விலக்கியே தீர்ப்பளித்துள்ளனர். இசைக்கருவிகளைக் கண்டிக்கும் நபிமொழி புகாரியில் உள்ளது. அதே வேளையில், பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டபோது, அது பெருநாள் என்பதைச் சுட்டி, அவர்களை விட்டுவிடும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். அகழ்ப் போரில் நபித்தோழர்கள் மண் சுமந்துகொண்டே பாடியதும், அண்ணலாரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டதும் பதிவாகியுள்ளன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா நூலில் இசை கேட்பது பற்றித் தனி ஒரு பகுதியே எழுதினார். ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார். ஆகவே இது நேற்று முளைத்த வாதமன்று. ஆயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் மரியாதையுடன் உரையாடி வரும் பொருள்.

இசைக்கருவி வேண்டாம் என்று தன் வீட்டில் விலக்கிக்கொள்பவரின் பேணுதலை நான் மதிக்கிறேன். கச்சேரிகளில் கண்டிக்கத்தக்கவையும் இருந்தன. நள்ளிரவு கடந்து நீண்டு, ஃபஜ்ர் தொழுகையைப் பலர் தவறவிடக் காரணமான கச்சேரிகள் உண்டு. கடன் வாங்கிக் கச்சேரி வைத்த கல்யாண வீடுகளும் உண்டு. பாடகருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கைக்கூட அண்டைவீட்டு ஏழைக்குக் கொடுக்காத செல்வரும் இருந்தனர். இவற்றையெல்லாம் நல்ல பழங்காலம் என்று பூசி மெழுகுவது நேர்மையாகாது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். ஒரு பழக்கத்தை விட்டுவிடுவது ஒன்று. அதன் வரலாற்றையே அழித்துவிடுவது மற்றொன்று. அப்பாடல்களில் பெரும்பகுதி மொழி. தவ்ஹீதும் நபிநேசமும் ஏழைக்கு இரங்கும் பண்பும் தமிழில் சொல்லப்பட்ட மொழி. இசையைக் கேளாதவரும் அச்சொற்களை ஏட்டில் எழுதிவைக்கலாமே!

யூசுப் இஸ்லாம் காட்டும் பாடம்

இவ்விடத்தில் மேலைநாட்டு ராக், நாட்டார் இசை உலகிலிருந்து ஒரு வாழ்க்கையைக் கூறுவது பொருந்தும். இலண்டனில் பிறந்து, கேட் ஸ்டீவன்ஸ் என்னும் பெயரில் உலகப் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் இருந்தார். 1970களில் அவருடைய வினைல் தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. கடலில் மூழ்கவிருந்த வேளையில், தம்மைக் காப்பாற்றினால் இறைவனுக்காக உழைப்பதாக வேண்டிக்கொண்டார், கரை சேர்ந்தார். பின்னர் அவர் சகோதரர் தந்த திருக்குர்ஆன் பிரதியைப் படித்து 1977இல் இஸ்லாத்தை ஏற்றார். யூசுப் இஸ்லாம் என்று பெயர் சூட்டிக்கொண்டார்.

புகழின் உச்சியில் இருந்தவர் கிட்டார்களை அறப்பணிக்காக ஏலத்தில் விட்டுவிட்டு, மேடையிலிருந்து இறங்கினார். 1983இல் இலண்டனில் முஸ்லிம் குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். இருபதாண்டுகளுக்கு மேலாகக் கிட்டாரைத் தொடவில்லை. பின்னர் அவருடைய மகன் ஒரு கிட்டாரை வீட்டிற்குக் கொண்டுவந்தார். தந்தை அதை மீண்டும் கையில் எடுத்தார். 2006இல் புதிய பாடல் தொகுப்பு வெளிவந்தது. அவர் இசையை விட்டது சரியா, மீண்டது சரியா என்று உலக முஸ்லிம்கள் இன்றும் இருவேறாகப் பேசுகின்றனர். அந்தத் தீர்ப்பு நம் வேலையன்று. நாம் காண வேண்டியது இது: விட்டபோதும் அவர் வெறுப்பினால் விடவில்லை, அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பினார். நம் வீடுகளில் கச்சேரி நின்ற இடத்தில் எதை எழுப்பினோம்? தொலைக்காட்சித் தொடரையா? ஆளுக்கொரு கைபேசியையா?

எதை இழந்தோம்?

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1980களில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த டேப் ரெக்கார்டர்கள் நம் வீடுகளை நிறைத்தன. தட்டுகள் பரணேறின. குறுந்தகடு வந்தது, போயிற்று. இன்று ஆயிரம் பாட்டுகள் சட்டைப்பைக்குள் இருக்கின்றன. வசதி பெருகிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் தட்டு சுழன்றபோது ஒரு வீடே சேர்ந்து கேட்டது. இன்று ஒரே அறையில் ஐவர் அமர்ந்து ஐந்து வெவ்வேறு ஒலிகளைக் காதில் செருகிக்கொண்டிருக்கின்றனர். பாட்டனார் கேட்ட பாட்டு எது என்று பேரனுக்குத் தெரியாது. பேரன் கேட்பது எது என்று தந்தைக்கே தெரியாது. இந்த இரண்டாவது அறியாமைதான் என்னை அதிகம் அஞ்ச வைக்கிறது.

தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் பாடியவர் பெயர் இருக்கும். பலவற்றில் இயற்றியவர் பெயரும் இருக்கும். கைபேசியில் ஊர்சுற்றும் பாடல்களில் அப்பெயர்கள் உதிர்ந்துவிட்டன. இயற்றியவர் பெயர் தெரியாப் பாடல் தந்தை பெயர் தெரியாப் பிள்ளையைப் போன்றது.

என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுகள் இருந்தால் அவற்றை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகங்களைப் போல் நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் அடுப்பு வெப்பமும் படும் இடத்தில் வினைல் தட்டு நெளிந்துவிடும். பழைய 78 சுற்றுத் தட்டானால் ஸ்பிரிட்டைக் கொண்டு துடைக்கவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியே போதும். கீழே விழுந்தால் அது கண்ணாடிபோல் உடையும்; குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெரிய தட்டுக்குரிய நுண்ணிய முள்ளால் 78 சுற்றுத் தட்டை ஓட்டினால் முள்ளும் பழுதாகும், ஒலியும் தேறாது. அதற்கென்று தனி முள் உண்டு. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அத்துடன் ஒரு குறிப்பேடு எடுங்கள். தட்டின் எண், பாட்டு, பாடியவர், இயற்றியவர், வீட்டில் அதை வாங்கியவர் யார், எந்த நிகழ்ச்சிக்கு என்பனவற்றை வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இதைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் சாக்கில் பேரன் பாட்டியருகே அமர்வான். அதுவே பெரும் பலன். இசையைப் பேணுதலால் விலக்கியவர்களும் இந்தக் குறிப்பேட்டை எழுதுவதில் தடையேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உலகமும் பழைய தட்டின் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு விற்ற வினைல் தட்டுகள் 4 கோடியே 10 இலட்சம். குறுந்தகடுகள் 3 கோடியே 30 இலட்சம். 1987க்குப் பிறகு வினைல் எண்ணிக்கையில் முந்தியது அதுவே முதல் முறை. வாங்குவோரில் இளைஞர்களும் ஏராளம். கையால் தொட்டு, காத்திருந்து, முழுதாய்க் கேட்கும் இன்பத்தை அவர்கள் தேடுகின்றனர் போலும். தேடிப் போகும் தேவை நமக்கில்லை. நம்முடையது நம் பரணிலேயே இருக்கிறது.

எங்கள் மக்தபில் மாலை வேளையில் ஓதவரும் பிள்ளைகளுக்கு, பாடம் முடிந்ததும் கருவி ஏதுமின்றி ஒரு நபிபுகழ்ப் பாடலைச் சேர்ந்து பாடக் கற்றுத் தருகிறோம். பாடுமுன் இயற்றியவர் பெயரை ஒரு பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. கவுஹர் ஜான் தம் பெயரை அறிவித்ததுபோல், நம் பாவலர்களின் பெயரை நம் பிள்ளைகள் அறிவிக்கட்டும். உங்கள் ஊர் மதரஸாவிலும் இதனைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு பைசாவும் இல்லை.

நமக்கு முன்னே பாடிச் சென்றவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் நல்லெண்ணத்தை வல்ல அல்லாஹ் ஏற்றருள்வானாக! நம் செவிகளுக்கு நல்லதையே கேட்கும் பேற்றையும், நம் வீடுகளுக்குச் சேர்ந்திருந்து கேட்கும் பேற்றையும் நல்குவானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.